பக்கம் மாறும் அனிமேஷன் சொதப்பும்போது: அறிகுறி வாரியாகக் காரணமும் தீர்வும்

சிங்கிள் பேஜ் ஆப்பில் (பிரவுசர் முழுதாக மறுபடி லோட் செய்யாமல், உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக் காட்டுகிற வெப் ஆப்) ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது சின்னதாக ஓர் அனிமேஷன் வேண்டும் என்று யாராவது கேட்டால், அரை நாள் வேலை என்றுதான் தோன்றும். லைப்ரரியைப் போட்டு நாலு வரி எழுதினால் டெமோவில் ஓடியும் விடும். நிஜ ஆப்பில் போட்ட பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும்: பக்கம் இரண்டு தடவை மின்னும், ஸ்க்ரோல் எகிறும், மூலையில் இருந்த பொத்தான் நடுவில் வந்து நிற்கும், ஏதோ ஒரு டெஸ்டரின் கணினியில் மட்டும் எதுவுமே அசையாது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சாதாரணமாக, திரையை வரைகிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட் பழைய பக்கத்தைக் கழற்றுவதும் புதியதை மாட்டுவதும் ஒரே மூச்சில் நடக்கிற காரியம். வெளியேறும் அனிமேஷன் என்று ஒன்று வந்துவிட்டால், முடிந்துபோன பக்கம் இன்னும் 300 மில்லிநொடி டாமில் (பிரவுசர் கையில் வைத்திருக்கும் எலிமென்ட் மரம்) உயிரோடு இருந்தாக வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவரும் புதிதாகக் குடிவருகிறவரும் ஒரே கூடத்தில் சாமானோடு நிற்கிற நிலைமை அது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்த நொடியில் டாமில் எத்தனை பக்கம் இருக்கிறது, ஒவ்வொன்றும் தன்னை எந்த முகவரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது?

கீழே சொல்வது ரியாக்ட் 18, முகவரிக்கேற்ற பக்கத்தைக் காட்டுகிற ரியாக்ட் ரவுட்டர் 6, அனிமேஷனுக்கான ஃபிரேமர் மோஷன் என்ற கூட்டணியை வைத்து. ஃபிரேமர் மோஷனுக்கு இப்போது மோஷன் என்றே பெயர். வெளியேறும் பக்கத்தை அனிமேஷன் முடியும்வரை டாமில் பிடித்து வைக்கிற அதன் கம்போனென்ட் அனிமேட்பிரசென்ஸ்; அது அதே பெயரில்தான் இருக்கிறது. பிரவுசரே தருகிற வியூ டிரான்சிஷன் என்ற பக்க மாற்ற வசதிக்குத் தனியாக ஒரு பகுதி கடைசியை ஒட்டி இருக்கிறது.

முதலில் வேகத்தைக் குறையுங்கள்

300 மில்லிநொடியில் நடப்பதைக் கண்ணால் பார்த்துத் துப்புத் துலக்க முடியாது. குரோம் டெவ்டூல்ஸில் அனிமேஷன்ஸ் என்ற பேனல் உண்டு; அதில் வேகத்தை 25 அல்லது 10 சதவீதமாக இறக்கலாம். ஆனால் அது சிஎஸ்எஸ் அனிமேஷனையும் பிரவுசரின் வெப் அனிமேஷன் ஏபிஐ வழியாக ஓடுவதையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஃபிரேமர் மோஷனில் எக்ஸ், ஒய் மதிப்புகளை நகர்த்தினால் அது ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளுகிற அனிமேஷன்; பேனல் அதைத் தொடாது. அதற்கு டியூரேஷனைத் தற்காலிகமாக 3 நொடி என்று போடுவதுதான் வழி. போட்டுவிட்டு எலிமென்ட்ஸ் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு லிங்க்கைத் தட்டுங்கள். பழைய டிவ் எப்போது போகிறது, புதியது எப்போது வருகிறது, இடையில் எதற்குள் என்ன மாறுகிறது என்று எல்லாம் தெரியும். பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே பிடிபடும்.

வெளியேறும் அனிமேஷன் ஓடவே இல்லை, உள்ளே வருவது மட்டும் ஓடுகிறது

இதுதான் எல்லாருக்கும் முதலில் வருவது. அனிமேட்பிரசென்ஸின் நேரடிக் குழந்தைக்கு கீ (ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய ரியாக்ட் பார்க்கும் அடையாளம்) இருக்கிறதா, பக்கம் மாறும்போது அந்த கீ மாறுகிறதா என்று பாருங்கள். கீ மாறாவிட்டால் ரியாக்ட்டைப் பொறுத்தவரை எதுவும் வெளியேறவில்லை. அதே கம்போனென்ட் உள்ளடக்கம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். கீயை இரண்டு அடுக்கு உள்ளே தள்ளி வைத்தாலும் பலனில்லை.

கீ சரியாக இருந்தும் ஓடவில்லையா? அனிமேட்பிரசென்ஸே ஒரு இஃப் நிபந்தனைக்குள் உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தோடு சேர்ந்து அதுவும் கழன்றுவிட்டால் வழியனுப்ப ஆள் இல்லை. அது எப்போதும் பக்கத்துக்கு வெளியே, நிலையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கக் கம்போனென்ட்டுக்குள்ளும் ஓர் அனிமேட்பிரசென்ஸ் போட்டு வைத்திருப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம்.

பக்கத்துக்குள் சின்னச் சின்ன உருப்படிகளுக்கு இன்னொரு அனிமேட்பிரசென்ஸ் இருந்தால், வெளிப் பக்கம் கழலும்போது அந்த உள் உருப்படிகளின் எக்ஸிட் (வெளியேறும் அனிமேஷன்) தானாக ஓடாது. அதற்கு உள்ளே இருப்பதில் புரோபகேட் என்ற பிராப்பைக் (கம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு) கொடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் இருக்கிறது.

ரியாக்ட் டிரான்சிஷன் குரூப் என்ற வேறு லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். எந்த எலிமென்ட்டை அசைப்பது என்று சொல்லும் நோட்ரெஃப் கொடுக்கும்போது எல்லாப் பக்கத்துக்கும் ஒரே ரெஃப்பைப் (டாம் எலிமென்ட்டைச் சுட்டும் கைப்பிடி) பகிர்ந்தால், புதுப் பக்கம் வந்ததும் ரெஃப் அதைக் காட்ட ஆரம்பித்துவிடும். பழையதுக்கு எக்ஸிட் கிளாஸ் ஏறாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ரெஃப் வேண்டும். நோட்ரெஃப்பே கொடுக்காமல் ரியாக்ட் 19-க்குப் போனால் ஃபைண்ட்-டாம்-நோட் என்ற ஃபங்ஷனே இல்லை என்று எரர் வரும், ஏனென்றால் ரியாக்ட் அதை அந்தப் பதிப்போடு எடுத்துவிட்டது.

புதுப் பக்கம் சட்டென்று வந்து, மங்கி மறைந்து, திரும்பவும் வருகிறது

பார்த்தவுடன் அனிமேஷன் இரண்டு தடவை ஓடுகிறது என்று தோன்றும். பலர் ரியாக்ட்டின் சோதனை முறையான ஸ்டிரிக்ட்மோடைச் சந்தேகப்படுவார்கள். அது எஃபெக்ட்டை (ரெண்டருக்குப் பின் ஓடும் ஃபங்ஷன்) டெவலப்மென்ட்டில் இருமுறை ஓட்டும், உண்மைதான். ஆனால் இங்கே குற்றவாளி அது இல்லை. டியூரேஷனை 3 நொடி ஆக்கிவிட்டுப் பாருங்கள்: புத்தகப் பட்டியலில் இருந்து ஒரு புத்தகத்தைத் தட்டுகிறீர்கள். மங்க வேண்டியது பட்டியல். ஆனால் மங்கிக்கொண்டிருக்கிற டிவ்வுக்குள் ஏற்கெனவே புத்தக விவரம் வந்து உட்கார்ந்திருக்கும்!

நடப்பது இது. அனிமேட்பிரசென்ஸ் வெளியேறுகிற குழந்தையைப் பழைய பிராப்ஸோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் உள்ளே இருக்கும், முகவரிக்குப் பொருந்தும் பக்கத்தைத் தேர்கிற ரவுட்ஸ் கம்போனென்ட் தன் முகவரியைப் பிராப்ஸில் இருந்து எடுப்பதில்லை, கான்டெக்ஸ்ட்டில் (எந்தக் கம்போனென்ட்டும் நேரடியாகப் படிக்கக்கூடிய பொதுத் தகவல்) இருந்து எடுக்கிறது. கான்டெக்ஸ்ட் மாறியதும் பிடித்து வைத்த பழைய ரவுட்ஸும் மறுபடி ரெண்டர் ஆகி, புது முகவரிக்குப் பொருத்தமான பக்கத்தைக் காட்டிவிடுகிறது. ஆக, பழைய சட்டத்துக்குள் புதுப் பக்கம் மங்குகிறது. அப்புறம் புதுச் சட்டத்துக்குள் அதே பக்கம் வருகிறது.

தீர்வு ஒரு வரி. யூஸ்-லொகேஷன் கொடுக்கும் மதிப்பை எடுத்து ரவுட்ஸுக்கு லொகேஷன் என்ற பிராப்பாகக் கொடுங்கள். அதன் பாத்நேமையே (முகவரியில் டொமைனுக்குப் பின் வரும் பாதை) கீயாகவும் கொடுங்கள். இப்போது முகவரி பிராப்ஸில் இருப்பதால் பழையது பழையதாகவே உறையும்.

கிரியேட்-பிரவுசர்-ரவுட்டர் போட்டு, லேஅவுட்டுக்குள் அவுட்லெட் (உள்பக்கம் வந்து உட்காரும் இடம்) வைத்திருந்தால் இந்த ஒரு வரி உதவாது. அவுட்லெட்டும் கான்டெக்ஸ்ட்டில் இருந்துதான் எடுக்கிறது, அதற்கு லொகேஷன் என்று ஒரு பிராப் கிடையாது. அங்கே செய்ய வேண்டியது: ஒரு குட்டிக் கம்போனென்ட் எழுதி, அதில் யூஸ்-அவுட்லெட் தருவதை யூஸ்-ஸ்டேட்டின் ஆரம்ப மதிப்பாகப் போட்டு, அந்த ஸ்டேட்டையே (கம்போனென்ட் தனக்குள் நினைவில் வைக்கும் மதிப்பு) ரிட்டர்ன் செய்வது. ஆரம்ப மதிப்பு ஒரு தடவைதான் எடுக்கப்படும் என்பதால் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்வரை அதே அவுட்லெட்தான். வெளியே மோஷன் டிவ்வுக்குக் (ஃபிரேமர் மோஷன் அசைக்கிற டிவ்) கீ மாறும்போது புதுக் கம்போனென்ட் புது அவுட்லெட்டோடு பிறக்கும்.

கீயாக எதைக் கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். லொகேஷன் பொருளுக்குள்ளேயே கீ என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் போட்டால், இருக்கும் பக்கத்தின் லிங்க்கை மறுபடி தட்டினாலும் அனிமேஷன் ஓடும், ஃபில்டர் மாற்றினாலும் ஓடும். முழுப் பாத்நேமைப் போட்டால், அமைப்புகள் பகுதிக்குள் ஒரு தாவலில் இருந்து அடுத்த தாவலுக்குப் போனாலே பக்கவாட்டுப் பட்டியோடு சேர்த்து எல்லாம் கழன்று திரும்ப மாட்டும். அதில் பாதி நிரப்பிய படிவம் இருந்தால் காலி. பெரும்பாலான ஆப்புகளுக்குப் பாத்நேமின் முதல் துண்டு மட்டும் கீயாக இருப்பது பொருந்தும். உள்பக்கங்களுக்கு வேண்டுமானால் உள்ளே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பதே என் கட்சி.

பக்கத்தை விட்டுக் கிளம்பும்போது மட்டும் கன்சோலில் எரர்

அனிமேஷன் போடுவதற்கு முன் இல்லாத எரர், அதுவும் வெளியேறும் பக்கத்தின் கம்போனென்ட்டில் இருந்து, 'அன்டிஃபைண்டில் இருந்து டைட்டிலைப் படிக்க முடியவில்லை' என்கிற வகையில். பழைய பக்கம் இன்னும் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தீனி போட்ட டேட்டா போய்விட்டது.

இரண்டு இடத்தில் இது வழக்கம். ஒன்று, ரீடக்ஸ் மாதிரியான ஸ்டோரில் (ஆப் முழுவதும் பகிரும் டேட்டா இருப்பு) 'தேர்ந்தெடுத்த புத்தகம்' என்று வைத்து, லிங்க் தட்டியதும் அதை நல் (காலி மதிப்பு) ஆக்குவது. முன்பு பக்கமும் அதே கணத்தில் போய்விட்டதால் தெரியவில்லை. துடைக்கிற வேலையை லிங்க்கின் ஆன்-கிளிக்கில் இருந்து எடுத்து, வெளியேற்றம் முடிந்ததும் அனிமேட்பிரசென்ஸ் அழைக்கிற ஆன்-எக்ஸிட்-கம்ப்ளீட்டுக்கு மாற்றுங்கள்.

மற்றொன்று யூஸ்-லோடர்-டேட்டா, அதாவது பக்கத்துக்காக ரவுட்டரின் லோடர் எடுத்து வைத்த டேட்டாவைப் படிப்பது. அவுட்லெட்டை மேலே சொன்னபடி உறைய வைத்தாலும் லோடர் டேட்டா உறையாது. ரவுட்டர் தன் ஸ்டேட்டில் இருந்து அதைக் கொடுக்கிறது. புது முகவரிக்குப் போனதும் பழைய ரவுட்டின் டேட்டா அங்கிருந்து நீங்கிவிடும். ஒரே ரவுட்டில் எண் மட்டும் மாறினால் இன்னும் விசித்திரம்: எரர் வராது, மங்குகிற பழைய புத்தகப் பக்கத்தில் புதுப் புத்தகத்தின் பெயர் மின்னும். முதல் ரெண்டரில் கிடைத்ததை யூஸ்-ஸ்டேட்டில் பிடித்து வைக்கலாம். ஆனால் படிவம் சேமித்த பிறகு லோடர் மறுபடி ஓடிக் கொண்டுவருகிற புது டேட்டாவும் அதே காரணத்தால் திரையில் ஏறாது. அதற்கு இன்னொரு ஒட்டு, அதற்கு மேல் இன்னொன்று என்று நீளும். இப்படி டேட்டாவையும் எடுத்துத் தருகிற டேட்டா ரவுட்டரை முழுமையாகப் பயன்படுத்துகிற ஆப் என்றால், இந்த மல்லுக்கட்டை விட்டுவிட்டு வியூ டிரான்சிஷனுக்குப் போவதே மேல்.

டைட்டில் சரியாக மாறி, அரை நொடியில் திரும்பிப் போகிறது

பக்கம் கழலும்போது துடைக்கிற வேலையைச் செய்கிற கிளீனப் ஃபங்ஷன்கள் இப்போது லிங்க் தட்டும்போது ஓடுவதில்லை. அனிமேஷன் முடிந்து பக்கம் நிஜமாகக் கழலும்போதுதான் ஓடும். அனிமேட்பிரசென்ஸின் மோட் என்பதை வெயிட் (பழையது போன பிறகே புதியது வரும்) என்று வைக்காமல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடுகிற நிலையில் வரிசை தலைகீழாகிறது: புதுப் பக்கம் மவுண்ட் ஆகி (டாமில் ஏறி) டாகுமென்ட் டைட்டிலை வைக்கிறது, பிறகு பழையதன் கிளீனப் வந்து அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடுகிறது. பாடிக்கு ஒரு கிளாஸ் ஏற்றி இறக்குகிற பக்கங்கள், மோடல் திறந்திருக்கும்போது பாடியின் ஓவர்ஃப்ளோவை ஹிட்டன் ஆக்குகிறவை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிற பக்கம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஃபிரேமர் மோஷனில் யூஸ்-இஸ்-பிரசென்ட் என்ற ஹுக் (கம்போனென்ட்டுக்குள் அழைக்கும் ஃபங்ஷன்) ஒன்று இருக்கிறது. பக்கம் வெளியேறத் தொடங்கியதுமே அது ஃபால்ஸ் ஆகும். பாட்டை நிறுத்துவது, டைமரை அணைப்பது போன்றவற்றை அதை வைத்துச் செய்யுங்கள். டைட்டிலைப் பொறுத்தவரை கிளீனப்பில் திருப்பி வைக்கிற பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் வரும்போது தன் டைட்டிலை வைத்தால் போதும்.

லிங்க்கைத் தட்டியதும் பழைய பக்கம் உச்சிக்குக் குதிக்கிறது

பட்டியலில் கீழே வெகுதூரம் போய் ஒன்றைத் தட்டினால், பட்டியல் சடாரென்று முதல் வரிக்கு ஓடி, பிறகு மங்கும். பாத்நேம் மாறினால் ஸ்க்ரோலைச் சுழியத்துக்குக் கொண்டுபோ என்று ஒரு யூஸ்-எஃபெக்ட் எங்காவது இருக்கும், அல்லது ரவுட்டரின் ஸ்க்ரோல்-ரெஸ்டோரேஷன் அதைச் செய்யும். முகவரி தட்டிய உடனே மாறுகிறது, பழைய பக்கமோ இன்னும் திரையில். அந்த ஸ்க்ரோல் வேலையை அனிமேட்பிரசென்ஸின் ஆன்-எக்ஸிட்-கம்ப்ளீட்டில் வையுங்கள்.

வைத்த பிறகு பக்கம் மேலே வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி தெரிந்தால், யாரோ ஹெச்டிஎம்எல் எலிமென்ட்டுக்கு ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் என்று சிஎஸ்எஸ் எழுதியிருக்கிறார்கள். ஸ்க்ரோல்-டூ அழைக்கும்போது பிஹேவியர் இன்ஸ்டன்ட் என்று சேர்த்தால் அடங்கும்.

பேக் பொத்தான் இன்னொரு கதை. பயனர் விவரப் பக்கத்தில் இருந்து திரும்பினால் பட்டியலில் விட்ட இடத்துக்கே வர வேண்டும். பிரவுசர் தானாக அதைச் செய்ய முயலும். ஆனால் வெயிட் மோடில் அந்தக் கணத்தில் பட்டியல் இன்னும் மவுண்டே ஆகவில்லை. குட்டையான விவரப் பக்கத்தின் உயரத்துக்குள் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவுதான் போகும். எனவே ஹிஸ்டரியின் ஸ்க்ரோல்-ரெஸ்டோரேஷனை மேனுவல் ஆக்கிவிட்டு, லொகேஷனின் கீ வாரியாக இடத்தை செஷன் ஸ்டோரேஜில் குறித்து வைத்து, பட்டியல் மவுண்ட் ஆகும்போது யூஸ்-லேஅவுட்-எஃபெக்ட்டில் திருப்பி வையுங்கள். லொகேஷனின் கீக்குச் சரியான இடம் இதுதான். பட்டியலின் டேட்டா அப்போது கையில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மறுபடி சர்வரில் இருந்து இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்க்ரோல் செய்ய அங்கே உயரம் இருக்காது.

இரண்டு பக்கமும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து, பிறகு எகிறுகிறது

இரண்டும் சாதாரண ஓட்டத்தில் இருக்கிற பிளாக் எலிமென்ட்கள், வேறு என்ன ஆகும்? வெயிட் மோட் போட்டால் ஒன்று போய்த்தான் ஒன்று வரும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கலந்து மாற வேண்டுமென்றால், வெளிக் கொள்கலனை கிரிட் ஆக்கி இரண்டையும் ஒரே அறையில் போடுங்கள். அப்சல்யூட் வைப்பதைவிட இது சுகம், ஏனென்றால் கொள்கலனின் உயரம் சுருங்கி ஃபுட்டர் மேலே ஏறாது. வெளியேறுவதை லேஅவுட் ஓட்டத்தில் இருந்து பிரித்துவிடுகிற பாப்-லேஅவுட் மோடும் உண்டு. அதில் உங்கள் சொந்தக் கம்போனென்ட் நேரடிக் குழந்தையாக இருந்தால் ரெஃப்பை உள்ளே கடத்த வேண்டும்.

பக்கவாட்டில் சறுக்கும்போது கீழே ஸ்க்ரோல்பார் எட்டிப்பார்த்தால் கொள்கலனுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் கிளிப். ஹிட்டன் வேண்டாம், அது ஸ்க்ரோல் கொள்கலனாக மாறி, உள்ளே இருக்கும் ஸ்டிக்கி தலைப்பை ஒட்டவிடாமல் செய்யும்.

மூலையில் மிதக்கும் பொத்தான் இடம் மாறுகிறது

பொசிஷன் ஃபிக்ஸ்ட் என்பது திரையை வைத்து அளப்பது என்று நினைத்துக்கொண்டிருப்போம். முன்னோர் எலிமென்ட் எதிலாவது டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ், அல்லது வில்-சேஞ்ச் டிரான்ஸ்ஃபார்ம் இருந்தால் அந்த முன்னோரை வைத்து அளக்க ஆரம்பித்துவிடும். பக்கம் சறுக்கும்போது மோஷன் டிவ்வில் டிரான்ஸ்ஃபார்ம் இருக்கிறது. நீளமான பக்கமென்றால் பொத்தான் திரைக்கு வெளியே, பக்கத்தின் அடியில் போய் நிற்கும். ஃபிரேமர் மோஷன் முடிவில் டிரான்ஸ்ஃபார்மை நன் ஆக்குவதால் அனிமேஷன் முடிந்ததும் பொத்தான் துள்ளி இடத்துக்கு வரும்.

முடிந்த பிறகும் வரவில்லை என்றால் நீங்கள் சிஎஸ்எஸ் கீஃபிரேம் எழுதி ஃபில்-மோடை ஃபார்வர்ட்ஸ் அல்லது போத் என்று வைத்திருப்பீர்கள். கடைசிக் கீஃபிரேமில் நன் என்று எழுதினாலும் தப்பிக்க முடியாது. அனிமேஷன் பிடியில் இருக்கும்வரை பிரவுசர் அதை வில்-சேஞ்ச் போட்ட மாதிரியே நடத்தும். உள்ளே வரும் அனிமேஷனுக்கு பேக்வர்ட்ஸ் போதும்.

நிரந்தரத் தீர்வு: மிதக்கும் பொத்தான், மேல் பட்டை, டோஸ்ட் (சிறு அறிவிப்பு) எல்லாவற்றையும் அசைகிற கொள்கலனுக்கு வெளியே வைப்பது, முடியாவிட்டால் போர்ட்டலில் (டாமில் வேறு இடத்தில் ரெண்டர் செய்யும் ரியாக்ட் வழி) அனுப்புவது. அதுவும் முடியாத பழைய ஆப் என்றால் சறுக்கலைக் கைவிட்டு ஒபாசிட்டியை மட்டும் மாற்றுங்கள். யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளைத் திரை, ரெஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது

வெயிட் மோடில் பழையது முடிந்தேன் என்று சொன்னால்தான் புதியது வரும். அது சொல்லவே இல்லை என்று பொருள். எக்ஸிட்டுக்குள் ரிப்பீட் இன்ஃபினிட்டி கொண்ட டிரான்சிஷன் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். லோடிங் சுழலுக்கு எழுதியதை வேரியன்ட்டோடு (பெயர் வைத்த அனிமேஷன் நிலை) சேர்த்து எடுத்துப் போட்டிருப்பார்கள். அனிமேட்பிரசென்ஸுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தாலும் குழம்பும். கன்சோலில் எச்சரிக்கை வந்திருக்கும்.

ரியாக்ட்டுக்குப் பதில் வியூ (Vue; வியூ டிரான்சிஷன் வேறு) என்ற ஃபிரேம்வொர்க்கின் 3-ஆம் பதிப்பில் இதே வெள்ளைத் திரைக்கு ஒரே பெரிய காரணம், பக்கக் கம்போனென்ட்டுக்கு இரண்டு வேர் எலிமென்ட் இருப்பது. வியூ 3 அதை அனுமதிக்கிறது, ஆனால் டிரான்சிஷன் கம்போனென்ட்டுக்கு ஒரே வேர்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு டிவ்வுக்குள் போடுங்கள். வியூ 2-இல் இருந்து மாறியவர்கள், வி-என்டர் என்ற கிளாஸ் பெயர் வி-என்டர்-ஃபிரம் ஆனதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் திரை வெள்ளையாகாது, ஆனால் வரும் அனிமேஷன் ஓடாது.

லேஸி லோட் செய்த (தேவைப்படும்போதுதான் கோப்பு இறங்கும்) பக்கம் என்றால் வெள்ளை ஒரு கணம் மட்டும் வந்து போகும். காத்திருக்கும்போது ஃபால்பேக் என்ற மாற்றுத் திரையைக் காட்டுகிற சஸ்பென்ஸை அனிமேட்பிரசென்ஸுக்கு வெளியே சுற்றியிருந்தால், புதுக் கோப்பு இறங்கும்வரை உள்ளே இருப்பது மொத்தமும் மறைந்து ஃபால்பேக் நிற்கும். சஸ்பென்ஸை ஒவ்வொரு பக்கத்தின் மோஷன் டிவ்வுக்குள் வையுங்கள். கூடவே, லிங்க்கின் மேல் சுட்டி வந்தவுடன் அந்த இம்போர்ட்டை ஓடவிட்டால், வெளியேறும் அனிமேஷன் முடிவதற்குள் கோப்பு வந்து சேர்ந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு.

ஒரு கிளைச் செய்தி: பின்னணித் தாவலில், ஜாவாஸ்கிரிப்ட் அனிமேஷனை ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளுகிற ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃபிரேம் ஓடாது. செஷன் காலாவதியாகி, ஆப் தானாக லாகின் பக்கத்துக்குப் போகும்போது தாவல் மறைந்திருந்தால், ஜாவாஸ்கிரிப்ட்டால் ஓடும் வெளியேற்றம் அப்படியே நிற்கும். பயனர் திரும்பி வரும்போது அவருடைய கணக்குப் பக்கம் ஒரு கணம் தெரிந்துவிட்டு மங்கும். வங்கி, மருத்துவம் மாதிரி ஆப்புகளில் இது சரிப்படாது. லாக்அவுட்டுக்கு அனிமேஷனே வேண்டாம்.

பின்னால் போனாலும் முன்னால் போகிற மாதிரியே சறுக்குகிறது

திசையை ஸ்டேட்டில் வைத்து, கஸ்டம் என்ற பிராப் வழியாக வேரியன்ட்டுக்கு அனுப்புகிறீர்கள். வருகிற பக்கம் சரியான திசையில் வருகிறது, போகிற பக்கம் மட்டும் பழைய திசையில் போகிறது. பிடித்து வைத்த பிராப்ஸ் என்று முன்பு சொன்னதுதான்: போகிற பக்கத்தின் கையில் இருப்பது முந்தைய திசை. அதே கஸ்டம் மதிப்பை அனிமேட்பிரசென்ஸுக்கும் கொடுத்தால் அது வெளியேறுகிறவருக்குப் புது மதிப்பைச் சேர்த்துவிடும்.

திசையைக் கண்டுபிடிக்க யூஸ்-நேவிகேஷன்-டைப் மட்டும் போதாது. பேக்கும் ஃபார்வர்டும் இரண்டுமே பாப் என்றுதான் வரும், முதல் லோடும் அப்படியே. ரியாக்ட் ரவுட்டர் ஹிஸ்டரி ஸ்டேட்டில் ஐடிஎக்ஸ் என்று ஓர் எண்ணை வைக்கிறது. முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் திசை தெரியும்.

ஐஃபோன் சஃபாரியில் விளிம்பில் இருந்து விரலால் இழுத்துப் பின்னால் போனால், பிரவுசர் தன் சறுக்கலைக் காட்டி முடித்த பிறகு உங்களுடையது இன்னொரு தடவை ஓடும். பாப்ஸ்டேட் நிகழ்வில் ஹேஸ்-யூஏ-விஷுவல்-டிரான்சிஷன் என்ற பண்பு இருக்கிறதா பார்த்து, ட்ரூ என்றால் உங்கள் அனிமேஷனைத் தவிர்த்துவிடுங்கள்.

திக்கித் திக்கி ஓடுகிறது

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. லெஃப்ட், டாப், விட்த், ஹைட் போன்றவற்றை அசைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் லேஅவுட் கணக்கு நடக்கும். டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தும் திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அனிமேஷனே இல்லை. அதே நேரத்தில் மவுண்ட் ஆகிற புதுப் பக்கம். பெர்ஃபார்மன்ஸ் பேனலில் சிபியு வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்தால், சறுக்கல் தொடங்குகிற இடத்திலேயே ஒரு நீளமான மஞ்சள் பட்டை நிற்கும்: ஐந்நூறு வரி அட்டவணை ரெண்டர் ஆகிறது. அட்டவணையை அனிமேஷன் முடிந்த பிறகு ரெண்டர் செய்யுங்கள், அல்லது தெரிகிற வரிகளை மட்டும் ரெண்டர் செய்யுங்கள்.

மெயின் திரெட் அடைபட்டாலும் ஓடக்கூடியது சிஎஸ்எஸ் வழியாக வரும் டிரான்ஸ்ஃபார்மும் ஒபாசிட்டியும். ஃபிரேமர் மோஷனில் எக்ஸ் என்று எழுதாமல், டிரான்ஸ்ஃபார்ம் என்று முழுச் சரமாக எழுதினால் அந்தச் சலுகை கிடைக்கும். ஐஃபோன் லோ பவர் மோடில் இருந்தால் சஃபாரி ரிக்வெஸ்ட்-அனிமேஷன்-ஃபிரேமை நொடிக்கு 30-ஆகக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். டெமோவுக்கு முன் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் கணினியில் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது

கோடைத் தொடுவதற்கு முன் அவருடைய விண்டோஸ் செட்டிங்ஸில் அனிமேஷன் எஃபெக்ட்ஸ் அணைந்திருக்கிறதா, மேக் அல்லது ஐஃபோனில் ரெட்யூஸ் மோஷன் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் சிஎஸ்எஸ் பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷனை மதிக்கிறதென்றால் இது கோளாறே இல்லை. தலைசுற்றல் உள்ளவர்களுக்குப் பெரிய திரையில் முழுப் பக்கம் சறுக்குவது நிஜமாகவே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. மாறாக, அவர் அணைத்து வைத்தும் உங்கள் ஆப்பில் எல்லாம் ஓடுகிறதென்றால் அதுதான் கோளாறு: மோஷன்-கான்ஃபிகில் ரெட்யூஸ்ட்-மோஷனை யூசர் என்று வைக்காதவரை ஃபிரேமர் மோஷன் அந்த அமைப்பைக் கண்டுகொள்ளாது.

வியூ டிரான்சிஷனில் மட்டும் வருபவை

டாகுமென்ட்டின் ஸ்டார்ட்-வியூ-டிரான்சிஷன் குரோமில் 111-ஆம் பதிப்பில், 2023-இல் வந்தது, சஃபாரியில் 18, ஃபயர்ஃபாக்ஸில் 144, 2025-இல். இதில் பழைய பக்கம் வெறும் படமாகப் பிடிக்கப்படுகிறது. அதனால் மேலே சொன்ன லோடர் டேட்டா, அவுட்லெட், கிளீனப் தொல்லைகள் எதுவும் இல்லை. வேறு தொல்லைகள் உண்டு.

எதுவுமே அசையவில்லை, பக்கம் மட்டும் மாறுகிறது: ரியாக்ட்டில் செட்-ஸ்டேட் உடனே டாமை மாற்றாது. ஸ்டார்ட்-வியூ-டிரான்சிஷனுக்கு நீங்கள் கொடுத்த கால்பேக் ஃபங்ஷன் முடிந்துவிட்டது என்று பிரவுசர் புதுப் படத்தை எடுக்கும்போது டாமில் பழைய பக்கமே இருக்கும். மாற்றத்தை உடனே டாமில் ஏற்றுகிற ஃப்ளஷ்-சிங்க்குக்குள் செட்-ஸ்டேட்டைப் போடுங்கள். ரியாக்ட் ரவுட்டர் 7-இல் லிங்க்குக்கு வியூ-டிரான்சிஷன் பிராப்பைக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், டேட்டா ரவுட்டராக இருக்கும் பட்சத்தில்.

சில பக்கங்களில் மட்டும் அனிமேஷன் தவிர்க்கப்படுகிறது, கன்சோலில் வியூ-டிரான்சிஷன்-நேம் இரட்டிப்பு என்று வருகிறது: பட்டியலில் எல்லா அட்டைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பெயர் ஓர் எலிமென்ட்டுக்குத்தான். புத்தகத்தின் எண்ணைச் சேர்த்துப் பெயர் வையுங்கள், அல்லது தட்டிய அட்டைக்கு மட்டும் வையுங்கள்.

தட்டியதும் ஆப் உறைந்து, சில நொடி கழித்து எரர்: கால்பேக்குக்குள் சர்வர் அழைப்புக்குக் காத்திருக்கிறீர்கள். அதுவரை பிரவுசர் திரையை வரைவதையே நிறுத்தி வைக்கும். குரோம் 4 நொடி பொறுத்துவிட்டுக் கைவிடும். டேட்டாவை முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் டிரான்சிஷனைத் தொடங்குங்கள்.

மேல் பட்டையும் சேர்ந்து சறுக்கினால் அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். முழுப் பக்கத்தைப் பிடித்த ரூட் படத்தில் இருந்து பிரிந்து நிற்கும். அனிமேஷன் ஓடும்போது கிளிக் எதுவும் விழவில்லை என்றால், மேலே பரப்பிய படங்கள்தான் அதை வாங்கிக்கொள்கின்றன. வியூ-டிரான்சிஷன் சூடோ எலிமென்ட்டுக்குப் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன். இயல்பான மங்கல் 250 மில்லிநொடிதான், பெரும்பாலும் அதற்கு மேல் தேவைப்படாது.

ஆப் ஒழுங்காக ஓடுகிறது, டெஸ்ட் மட்டும் விழுகிறது

டெஸ்டிங் லைப்ரரி ஒரே உரையில் இரண்டு எலிமென்ட் கிடைத்தது என்கிறது. பிரவுசரை ஓட்டிச் சோதிக்கிற பிளேரைட், எலிமென்ட் நிலையாக இல்லை என்று காத்துக்கொண்டே இருக்கிறது. முன்னதற்குக் காரணம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் டாமில் இருப்பது. பின்னது, சறுக்கிக்கொண்டிருக்கிற பொத்தானைப் பிளேரைட் தட்டாது. டெஸ்ட் அமைப்புக் கோப்பில் மோஷன்-குளோபல்-கான்ஃபிகின் ஸ்கிப்-அனிமேஷன்ஸை ட்ரூ ஆக்குங்கள். டைம்அவுட்டைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். பிளேரைட்டில் ரெட்யூஸ்ட்-மோஷனை ரெட்யூஸ் என்று வைத்து ஓட்டினால் இன்னும் நல்லது; அசைவு வேண்டாம் என்று சொன்ன பயனருக்கு ஆப் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.